வடிவின் பெயரைத் தட்டிய நாள்

ஜனவரி 12, 2002, சனி

மகன் ஜெபசிங் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போய் ஒன்பது நாள் ஆகிறது. கிறிஸ்துமஸ் லீவில் வந்தவன் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி முன்னறை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். என் மனைவி வடிவு அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்து மூடி வைத்திருக்கிறாள். அங்கே இருக்கும் மருமகள் ஷோபனாவுக்கு மார்ச் கடைசியில் பிரசவம். பிள்ளையின் போட்டோவைத் தபாலில் அனுப்பினால் பத்து நாள், இன்டர்நெட்டில் அனுப்பினால் பத்து நிமிஷம் என்று சொல்லி எங்களை மயக்கிவிட்டான்.

இணைப்பு வாங்குவது என் பொறுப்பு. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் இருந்து, இளநிலைப் பொறியாளராக ஓய்வு பெற்றவன் நான். ஒரு தொலைபேசிக் கம்பியைக் கம்ப்யூட்டரில் செருக ஆள் கூப்பிட்டால் பாளையங்கோட்டையே சிரிக்கும். இன்று தொலைபேசி அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். அங்கே இருந்த அம்மாள், "வீட்டுக்கா, ஆபீசுக்கா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

ஜனவரி 18, வெள்ளி

பெயரும் ரகசியச் சொல்லும் கடிதத்தில் வந்துவிட்டன. மோடம் பெட்டியைச் செருகினேன். கீச்சென்று கத்தி, கரகரவென்று இருமி, பிறகு ஓய்ந்துவிடுகிறது. ஆறு தடவை. வடிவு அடுக்களையிலிருந்து வந்து, அதற்கு வயிற்று வலியா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஜனவரி 20, ஞாயிறு

குறை மோடத்தில் இல்லை. வெளிச்சுவரில் கம்பி இணைப்பு பச்சைக் களிம்பு பூத்துக் கிடக்கிறது. அதன் வழியாகப் பேச்சு வரும், இன்டர்நெட் வராது. நாளை சுரண்டி வேறு கம்பி போட வேண்டும்.

ஜனவரி 24, வியாழன்

காலை பத்தே காலுக்கு இணைப்பு கிடைத்துவிட்டது. சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஜெபசிங் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துத் தேடும் பக்கத்தைத் திறந்தேன். முதலில் என் பெயரைத் தட்டினேன். எட்வின் மாசிலாமணி என்று உலகத்தில் யாரும் இல்லையாம். மகன் பெயருக்கு அவன் படித்த கல்லூரியின் பட்டியல் ஒன்று வந்தது. பிறகு வேடிக்கைக்காக வடிவின் பெயரைத் தட்டினேன். பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி முழுப் பெயர்.

ஒன்று வந்தது.

வடிவு பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜனவரி 25, வெள்ளி

பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைக்கிறேன்.

அது டென்மார்க் நாட்டில் இருக்கும் ஒரு பெண் தானாக அமைத்த பக்கம். ஆங்கிலத்தில் இருக்கிறது. அவள் பெயர் மெட்டே. சிறுபிள்ளைகள் பள்ளியில் ஆசிரியை. 1971 ஆகஸ்ட் 9 அன்று தமிழ்நாட்டில் ஒரு மலையூர் ஆஸ்பத்திரியில் பிறந்தாளாம். மூன்று மாதக் குழந்தையாக ஒரு டேனிஷ் தம்பதி தத்தெடுத்துக்கொண்டு போனார்களாம். அவளிடம் ஒரே ஒரு காகிதம்தான் இருக்கிறது. தாய் பெயர் டெய்சி அருள்வடிவு. வயது 19. தாயின் தகப்பன் அருமைநாயகம். கிறிஸ்தவர். திருநெல்வேலி ஜில்லா. "என் தாயைத் தேடுகிறேன். உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்."

கீழே போட்டோ. கறுத்த முகம், குட்டையாக வெட்டிய முடி. நெற்றியும் புருவமும் என் வீட்டு அடுக்களையில் நிற்கிறவளுடையவை.

பிப்ரவரி 8 முதல் மார்ச் 2 வரை தமிழ்நாட்டில் இருப்பாளாம்.

1974-ல் நான் பெண் பார்க்கப் போனபோது மாமனார் அருமைநாயகம் என்னைத் தனியே அழைத்து ஒரு விஷயம் சொன்னார். 71-ல் மகளுக்கு நெஞ்சில் நோய் வந்தது, படிப்பை நிறுத்தி எட்டு மாதம் மலைமேல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம், இப்போது பூரண குணம் என்றார். நோய் வந்த பெண் என்று மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. நான் சரி என்றேன். என் அம்மாவை எதிர்த்துக் கட்டினேன். ஒளிக்காமல் சொன்ன மனிதர் என்று மாமனாரை எத்தனை பேரிடம் புகழ்ந்திருப்பேன். அவர் அடக்க ஆராதனையில்கூட அதைச் சொன்னேன்.

ஜனவரி 28, திங்கள்

மோடம் கம்பியைக் கழற்றிவிட்டேன். லைன் பழுது என்று வடிவிடம் சொன்னேன். வாழைக்காய் வாங்கி வந்தேன். தண்ணீர்த் தொட்டி கழுவினேன்.

பிப்ரவரி 2, சனி

ஜெபசிங் தொலைபேசியில் பேசினான். இன்னுமா சரியாகவில்லை, புகார் கொடுங்கள் என்றான். கொடுத்திருக்கிறேன் என்றேன். ஸ்கேன் எடுத்த படத்தை அனுப்ப ஆசையாக இருக்கிறானாம். வடிவு என் கையிலிருந்து வாங்கி அரை மணி நேரம் ஷோபனாவிடம் பேசினாள். கால் வீங்குகிறதா, ஒருக்களித்துப் படுக்கிறாளா என்றெல்லாம் கேட்டாள். பிள்ளை உதைக்கும்போது எந்தப் பக்கம் உதைக்கிறது என்று கேட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 6, புதன்

வடிவு வருஷத்தில் ஒரு நாள் சாப்பிடமாட்டாள். நோய் குணமான நாளுக்கு நன்றி உபவாசம் என்பாள். ஆகஸ்ட் மாதம் என்று நினைவு, தேதியை நான் மனதில் வைத்ததில்லை. இன்று பரணில் இருந்த பழைய டைரிகளை இறக்கிப் பார்த்தேன். 1979: "வடிவு உபவாசம். நான் ஓட்டலில் சாப்பிட்டேன்." 1986: "வடிவு உபவாசம்." 1993: அதே. மூன்றும் ஆகஸ்ட் 9.

அத்தனை வருஷமும் என் கையெழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

எதற்கு இவ்வளவு தூசி என்று கேட்டாள். பழைய ரசீது தேடினேன் என்றேன்.

பிப்ரவரி 13, புதன்

சாம்பல் புதன். லெந்து நாட்கள் தொடங்கிவிட்டன. ஈஸ்டர் வரை வீட்டில் கறி மீன் இல்லை.

வடிவு பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போயிருந்தபோது கம்பியைச் செருகி அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். மெட்டே புதிதாக நாலு வரி எழுதியிருக்கிறாள். சென்னை வந்துவிட்டாளாம். அந்த ஆஸ்பத்திரி மூடிப் பல வருஷம் ஆகிவிட்டதாம். அடுத்து திருநெல்வேலிக்குப் போய் ஒவ்வொரு சர்ச்சாக விசாரிக்கப் போகிறாளாம்.

வடிவு இளமையில் ஒரு தப்புச் செய்துவிட்டு, பிள்ளையைக் கொடுத்துவிட்டு, இருபத்தெட்டு வருஷம் என்னிடம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். நான் மன்னித்துவிடுவேன். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 17, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் வடிவை அங்கே நிற்கவிடாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். வெயில் அதிகம்.

பிப்ரவரி 18, திங்கள்

காய்ச்சல். வடிவு மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

பிப்ரவரி 20, புதன்

காலையில் வாசலில் லைன்மேன் சுடலைமுத்து சைக்கிளோடு நிற்கிறார். ஜெபசிங் மஸ்கட்டிலிருந்தே தொலைபேசி அலுவலகத்துக்குப் பேசிப் புகார் கொடுத்துவிட்டானாம். நான் எழுந்து வருவதற்குள் வடிவு அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டாள். அவர் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தார், கீழே குனிந்து பார்த்தார்.

"லைன் அருமையா இருக்கு சார். இந்த ஒயரைல்லா கழட்டிப் போட்டிருக்கிய."

செருகினார். மோடம் கத்தி, இருமி, விளக்குகள் எரிந்தன. வெளிச்சுவர் வேலையைப் பார்த்துவிட்டு, யார் செய்தது, இவ்வளவு சுத்தமாக எங்கள் ஆட்களே செய்வதில்லை என்று பாராட்டினார். வடிவு அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். பிறகு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"மூணு வாரமா லைன் பழுதுன்னீங்க."

நான் காய்ச்சல் இன்னும் விடவில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அவள் எழுந்து போகவில்லை.

பிப்ரவரி 21, வியாழன்

இன்று சொன்னேன்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் நிஜம். காலைப் பலகாரம் முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் அவளை உட்கார வைத்து அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். நான் பின்னால் நின்றேன். என்ன பேச வேண்டும் என்று நாலு வாரமாக மனதில் ஓட்டிப் பார்த்திருந்தேன். நடந்தது நடந்துவிட்டது, நான் அதைப் பெரிதுபடுத்தப் போவதில்லை, நீ அழ வேண்டாம். அப்படி ஒரு பேச்சு.

வடிவு கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தாள். ஆசிரியப் பயிற்சியில் பாதி வரை படித்தவள், ஆங்கிலம் தடையில்லாமல் வாசிப்பாள். வாசித்து முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து தொடங்கினாள். போட்டோவில் விரலை வைத்தாள். அழவில்லை.

"எந்தத் தேதி போட்டிருக்கு? நீங்க வாசிங்க."

"ஆகஸ்ட் ஒம்பது."

"வருஷம்?"

"எழுவத்தி ஒண்ணு."

"அது செத்துல்லா பொறந்துச்சு," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"செத்துப் பொறந்துச்சுன்னு எங்கம்மா சொன்னா. ஒரு வெள்ளத் துணியில சுத்திக் கொண்டு போனாவ. ஒரு தடவ பாக்கட்டுமான்னு கேட்டேன். பாத்தா மறக்க முடியாது, வேண்டாம்னு சொல்லிட்டா. அழுத சத்தம் கேட்டுச்சேன்னு சொன்னேன். அது பக்கத்துக் கட்டில் பிள்ளைன்னா."

அவள் இதை என்னிடம் சொல்வதுபோல இல்லை. திரையைப் பார்த்தே சொன்னாள். நான் தயாரித்து வைத்திருந்த பேச்சு முழுக்க என் வாயில் கிடந்தது. அதில் ஒரு வார்த்தைக்குக்கூட இங்கே இடமில்லை.

பயிற்சிப் பள்ளியில் இருந்தபோது ஒருவன் கட்டிக்கொள்வதாகச் சொன்னானாம், பிறகு அந்த ஊரை விட்டே போய்விட்டானாம். அவன் பெயரை அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

திரும்பி என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எத்தன நாளாத் தெரியும்?"

"இருபத்தெட்டு நாள்."

தலையை ஆட்டினாள். "மார்ச் ரெண்டு வரைக்கும்தான் இருப்பான்னு போட்டிருக்கு," என்றாள். எழுந்துபோய் அரிசி களைந்தாள். பானையில் தண்ணீர் நிரம்பி வழிந்து தரையெல்லாம் ஓடியது. அவள் குழாயை மூடவில்லை. நான் போய் மூடினேன்.

பிப்ரவரி 22, வெள்ளி

முன்னறைச் சுவரில் மறைந்த மாமனார் மாமியார் படம் இல்லை. ஆணி மட்டும் இருக்கிறது.

கடிதம் அனுப்ப வேண்டும் என்றாள். நீ சொல், நான் தட்டுகிறேன் என்றேன். வேண்டாம், எப்படி என்று மட்டும் காட்டுங்கள் என்றாள். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். ஆங்கிலத்தில் அவள் எழுதியது தமிழில் இப்படி வரும்:

"நான் அருள்வடிவு. நான்தான் அது. நீ பிறக்கும்போதே இறந்துவிட்டாய் என்று என்னிடம் சொன்னார்கள். நேற்றுக் காலை வரை அப்படித்தான் நம்பினேன். நான் உன்னைக் கொடுக்கவில்லை."

கீழே எங்கள் தொலைபேசி எண்.

அனுப்பும்போது இணைப்பு மூன்று முறை அறுந்தது. மூன்று முறையும் வடிவு கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நாலாவது முறை போய்விட்டது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்றாள். தெரியாது என்றேன்.

பிப்ரவரி 25, திங்கள்

மூன்று நாளாகப் பதில் இல்லை. அவள் ஊர் ஊராகப் போகிறவள், எங்கே கம்ப்யூட்டர் கிடைக்கிறதோ அங்கேதான் பார்ப்பாள் என்று சொன்னேன். வடிவு கம்ப்யூட்டரை அணைக்க விடுவதில்லை. இணைப்பு அறுந்தால் உடனே மறுபடி போடுகிறாள். என்னைவிட நன்றாகப் பழகிவிட்டாள். சாப்பாடு இருக்கிறது. உப்பு இல்லை, இல்லாவிட்டால் இரண்டு பங்கு இருக்கிறது.

நேற்று நாங்கள் சர்ச்சுக்குப் போகவில்லை. கல்யாணமான பிறகு பிரசவம், காய்ச்சல் தவிர இப்படி நடந்தது இல்லை.

பிப்ரவரி 26, செவ்வாய்

காலை ஒன்பதுக்குப் பதில் வந்திருந்தது. வடிவு வாய்விட்டு வாசித்தாள், எனக்காக இல்லை, தனக்காக.

மெட்டே சென்னையில் ஒரு விடுதியில் இருக்கிறாள். உடம்பு சரியில்லாமல் படுத்திருந்ததால் நேற்றுத்தான் கடிதத்தைப் பார்த்திருக்கிறாள். பார்த்த நேரத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாளாம். எப்போது கூப்பிட்டாலும் லைன் வேலையாகவே இருக்கிறதாம்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இன்டர்நெட்டில் இருக்கும்வரை வெளியிலிருந்து தொலைபேசி வராது. இதை நான் அவளுக்குச் சொல்லவே இல்லை. எனக்கு நினைவே வரவில்லை.

வடிவு கம்பியைப் பிடுங்கப் போனவள், கடைசி வரிகளைப் பார்த்து நின்றுவிட்டாள். அதையும் வாசித்தாள். "ஒன்பது நாள் முன்பு உங்கள் ஊரில்தான் இருந்தேன். பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் ஒரு சர்ச் படிக்கட்டில் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றேன். யாருக்கும் தெரியவில்லை."

சர்ச்சின் பெயரையும் எழுதியிருந்தாள். எங்கள் சர்ச்.

"அன்னைக்குத்தான் வெயிலுன்னு என்னை இழுத்துட்டு வந்தீங்க," என்றாள் வடிவு.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாத்தீங்களா அவள?"

"பாத்தேன்."

கம்பியைப் பிடுங்கினாள். ஐந்து நிமிஷத்தில் மணி அடித்தது. வடிவுதான் எடுத்தாள். "யெஸ்" என்றாள். திரும்பத் திரும்ப அதே சொல். கடைசியில் எங்கள் தெருப் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, பள்ளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தாள். விமானத்தை ஆறாம் தேதிக்கு மாற்றிக்கொண்டு, வியாழன் ரயில் ஏறி வெள்ளி காலை வருகிறாள்.

பேசி முடித்துத் தொலைபேசியைத் தாங்கியில் வைக்க மறந்து மேஜைமேல் வைத்தாள். நான் எடுத்து வைக்கக் கை நீட்டினேன். என் கை படுவதற்குள் தன் கையை எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 28, வியாழன்

ஜெபசிங்கிடம் வடிவே பேசிச் சொல்லிவிட்டாள். அக்காவா என்று கேட்டானாம். அதற்குப் பிறகு என்னிடம் பேசினான். "அப்பா, அக்காவ நல்லாப் பாத்துக்குங்க," என்றான். சரி என்றேன்.

மாடி அறையை ஒழித்தேன். கொசுவலை கட்டினேன். குளியலறைத் தாழ்ப்பாளைச் சரி செய்தேன். வடிவு சொல்லாமலே செய்தேன். அவள் பார்த்தாள்.

மார்ச் 1, வெள்ளி

ரயில் நிலையத்துக்கு நான் வர வேண்டாம் என்று வடிவு சொல்லிவிட்டாள். ஆறு மணிக்கே தனியாக ஆட்டோவில் போனாள். நான் பால் வாங்கிக் காய்ச்சினேன். வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன்.

இங்கே ஒன்று எழுத வேண்டும். பதினேழாம் தேதி நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன் என்று வடிவிடம் சொன்னது முழு உண்மை இல்லை. வடிவு உள்ளே மற்றப் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைத் தேடி முதலில் வெளியே வந்தேன். அந்தப் பெண் நேரே என்னிடம்தான் வந்தாள். காகிதத்தை நீட்டினாள். மன்னியுங்கள் ஐயா, இந்தப் பெயரை எங்காவது கேட்டிருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் காகிதத்தைக் கையில் வாங்கினேன். வாசித்தேன். இல்லை என்றேன். நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனாள். அடுத்த ஆள் வெளியூர்க்காரர். சபையில் அவளை வடிவு என்றுதான் தெரியும், முழுப் பெயர் யாருக்கும் தெரியாது. நான் உள்ளே போய் வடிவைப் பக்கத்து வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

இதை அன்று இந்த டைரியிலேயே எழுத எனக்குத் தைரியம் இல்லை.

எட்டு மணிக்கு ஆட்டோ வந்தது. வடிவு முதலில் இறங்கினாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. அந்தப் பெண் முதுகுப் பையோடு இறங்கினாள். இருவரும் ஒரே உயரம். வடிவு ஆங்கிலத்தில், இவர்தான் என் கணவர், உன் பக்கத்தைக் கண்டுபிடித்தவர் என்றாள். அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாள். நான் மறைத்ததை அவளிடம் சொல்லவில்லை.

மெட்டே சிரித்துக்கொண்டே கை நீட்டினாள். பாதியில் அந்தக் கை நின்றுவிட்டது.

"உங்களிடம் நான் கேட்டேனே," என்றாள்.

வடிவுக்கு முதலில் விளங்கவில்லை. மெட்டே அவள் பக்கம் திரும்பி மெதுவாக விளக்கினாள். இந்த ஐயாவிடம் காகிதத்தைக் காட்டினேன். இல்லை என்று சொன்னார். ஒருவேளை கண்ணாடி போடாமல் இருந்திருப்பார் என்று எனக்காக ஒரு சாக்கும் அவளே சொன்னாள்.

"கண்ணாடி போட்டிருந்தேன்," என்றேன்.

வடிவு என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெட்டேயின் பையை வாங்கிக்கொண்டு, அவள் தோளில் கை வைத்து உள்ளே கூட்டிப் போனாள். நான் வாசலிலேயே நின்றேன். ஆட்டோக்காரர் எதற்கு நிற்கிறார் என்று வெகு நேரம் எனக்குப் புரியவில்லை.

மார்ச் 2, சனி

மெட்டே அந்தக் காகிதத்தைக் கொண்டு வந்திருக்கிறாள். நான்காக மடித்து மடித்து, மடிப்புகளில் கிழிந்து, பின்னால் ஒட்டியிருக்கிறது. பிள்ளையை மனமுவந்து ஒப்படைக்கிறேன் என்று எழுதி, கீழே வடிவின் பெயரில் ஒரு கையெழுத்து. வடிவு அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் என் பக்கம் நகர்த்தினாள். நேற்றிலிருந்து அவள் என் பக்கம் திருப்பிய முதல் பொருள் அதுதான்.

அது அவள் எழுத்து இல்லை. சாய்வான, அழகான எழுத்து. 'வு'வின் வால் கீழே சுழிக்கும். எங்கள் கல்யாண அழைப்பிதழ் உறைகளில் முந்நூறு விலாசம் எழுதிய கை. மாமனார்.

மாலையில் மெட்டே டென்மார்க்கில் இருக்கும் வளர்ப்புப் பெற்றோருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும் என்றாள். நான் இணைப்புப் போட்டுக் கொடுத்தேன். மோடம் கத்தியபோது சிரித்தாள், தன் வீட்டிலும் இதே சத்தம்தான் என்றாள். கடிதம் போன பிறகு திரும்பி உட்கார்ந்து, ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. பிள்ளைகளிடம் கேட்டுப் பழகிய குரல்.

நான் என் ஆங்கிலத்தில் சொன்னேன். நோய் வந்த பெண்ணைக் கட்டினவன் நான், நல்லவன் நான் என்று இருபத்தெட்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ வந்தால் நான் யாராக இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான்.

அவள் யோசித்தாள். பிறகு, நீங்கள் இல்லை என்றதும் ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது என்றாள். தன்னைக் கொடுத்துவிட்டவளை நேரில் பார்த்து என்ன கேட்பது என்ற பயம் அவளுக்கு இருந்திருக்கிறது. "தெருவைத் தாண்டிப்போய் அழுதேன். இரண்டும் நடந்தது."

அடுக்களை வாசலில் வடிவு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

மார்ச் 3, ஞாயிறு

காலையில் வடிவு மெட்டேக்குத் தன் நீலச் சேலையைக் கட்டிவிட்டாள். சர்ச்சுக்குப் போகிறோம் என்றாள். யாராவது கேட்டால் ஜெபசிங்குக்குத் தெரிந்த பெண் என்று சொல்லலாமே என்று நான் சொன்னேன். பழக்கம். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கே கேட்டது. வடிவு பதில் சொல்லாமல் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அறிவிப்புகள் வாசித்துவிட்டு, புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் இளம் பாதிரி ஐயர், வெளியூரிலிருந்து வந்திருப்பவர்கள் இருந்தால் எழுந்து தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளலாம் என்று வழக்கப்படி சொன்னார். மெட்டேக்குப் புரியவில்லை. வடிவு எழுந்தாள். முப்பது வருஷமாக அந்தச் சர்ச் ஆராதனையில் பாட்டைத் தவிர அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

"இவ பேரு மெட்டே," என்றாள். "எம் மூத்த மக. எனக்குக் கல்யாணம் ஆவுறதுக்கு முன்னால பொறந்தவ. செத்துட்டான்னு எங்கிட்ட சொன்னாவ. சாகல."

முன் பெஞ்சில் சபைப் பொருளாளர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். என்னைத்தான் எல்லாரும் பார்த்தார்கள், வடிவை இல்லை. நான் இப்போது என்ன செய்வேன் என்று பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். வடிவு உட்காரும்வரை பக்கத்தில் நின்றேன், அவள் உட்கார்ந்ததும் உட்கார்ந்தேன்.

ஐயர் கொஞ்சம் தடுமாறி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றார். பாட்டு எண் சொன்னார்.

வெளியே வந்தபோது பொருளாளர் எங்களைக் காணாததுபோல ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். அவர் மட்டுமில்லை, ஐந்தாறு பேர். பக்கத்து வீட்டுப் பிரேமா டீச்சர் நேரே வந்து மெட்டேயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாய் என்று கேட்டாள். இரண்டு டீச்சர்களும் வெயிலில் நின்று வெகு நேரம் பேசினார்கள்.

மார்ச் 4, திங்கள்

மாலை ரயிலுக்கு மூன்று பேரும் போனோம். என்னை வர வேண்டாம் என்று வடிவு சொல்லவில்லை. பையைத் தூக்கியது நான். மெட்டே ஜன்னல் வழியாக வடிவின் கையைப் பிடித்தபடியே இருந்தாள். ரயில் நகர்ந்தபோது வடிவு கூடவே பத்தடி நடந்தாள்.

மார்ச் 8, வெள்ளி

மெட்டே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கடிதம் வந்திருந்தது. வடிவு அதைத் திறந்து படித்து, பதிலும் போட்டுவிட்டாள். இப்போது இரண்டு விரல். வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த என் எதிரில் வந்து நின்றாள்.

"ஷோபனா பிரசவம் முடிஞ்சு எல்லாம் ஆனப்புறம், ஜூன்ல அங்க வரச் சொல்லுதா. அவங்க ஊர்ல அப்ப ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்குமாம்."

"போயிட்டு வா," என்றேன்.

"உங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லுதா." கொஞ்ச நேரம் நின்றாள். "நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

உள்ளே போய்விட்டாள்.

கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்ப் பாஸ்போர்ட் விண்ணப்பம் இரண்டு வாங்கி வந்தேன். ஒன்றை அவள் பார்க்கும்படி கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தேன். மற்றது என் சட்டைப் பையில் இருக்கிறது.